கருப்பூரில் மெட்டலர்ஜியா, கடன் வாங்கி கம்ப்யூட்டர் சயின்ஸா?

கேள்வி: சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் கவுன்சலிங்குக்குக் காத்திருக்கிறாள். கட்ஆஃபைப் பார்த்தால் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் மெட்டலர்ஜி (உலோகவியல்) கிடைக்கும்போல. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் தனியார் கல்லூரிதான், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம், அதுவும் கடன் வாங்கித்தான். மெட்டலர்ஜி படித்தால் நம்ம சேலம் இரும்பாலையில் வேலை கிடைக்குமா, இல்லை கடனை வாங்கிவிடலாமா?

பதில்: முதலில் கடன் கணக்கைப் போட்டுவிடுவோம். வருடம் ஒன்றரை லட்சம் வீதம் நான்கு வருடத்துக்கு 6 லட்சம். படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்தால், தவணை தொடங்கும்போது கடன் 8 லட்சத்து 10 ஆயிரமாக நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 10,700 ரூபாய். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு, சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை போக, இது சின்னத் தொகை இல்லை.

கருப்பூரில் கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். ஒரே துறைக்குள் அடங்கிய படிப்பு என்பது ஒரு பந்தயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பந்தயத்தில் எவ்வளவு வைக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டாமா? இதே மெட்டலர்ஜியை 6 லட்சம் கடனில் படிக்கலாமா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை. மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவரா? அப்படியானால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் கட்டணத்தை அரசே ஏற்கும். கவுன்சலிங் வழியாகத் தனியார் கல்லூரியில் அந்த இடம் கிடைத்தாலும் அப்படித்தான். அப்போது இந்தக் கணக்கே வேறு.

இரும்பாலை பற்றி. அது மத்திய அரசின் செயில் நிறுவனத்தின் ஆலை, நாடு முழுவதிலுமிருந்து போட்டி போட்டு வருவார்கள். சேலத்துக்காரர் என்பது சலுகை ஆகாது. பக்கத்தில் ஆலை இருக்கிறது என்பதற்காகப் படிப்பைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. மேட்டூர் மால்கோவைப் பாருங்கள். ஏற்காட்டு பாக்சைட்டை வைத்து அலுமினியம் எடுத்துக்கொண்டிருந்த ஆலை, 2008-இல் உருக்குவதை நிறுத்திவிட்டது.

வேலை எங்கே இருக்கிறது? கோவை ஃபவுண்டரிகள் (வார்ப்பாலைகள்), ஓசூர், சென்னைப் பக்கம் வாகன உதிரிபாக ஆலைகள், வெல்டிங் சோதனை, உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகள். தொடக்கச் சம்பளம் சுமார்தான், ஷிப்டும் உண்டு. நான் சொல்லும் நல்ல வழி, எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு. மெட்டலர்ஜிக்குத் தனித் தாள் உண்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ் அளவுக்குக் கூட்டம் இல்லை. நல்ல மதிப்பெண் வந்தால் சென்னை ஐஐடியிலோ திருச்சி என்ஐடியிலோ மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையுடன் எம்.டெக். படிக்கலாம். சாஃப்ட்வேர் கம்பெனிகளும் பல நேரம் எல்லாப் பிரிவினரையும் எடுக்கின்றன, கோடிங் பழகியிருந்தால் அந்தக் கதவு மூடாது. கல்லூரியில் விசாரிக்கும்போது 'எத்தனை சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று கேட்காதீர்கள். போன வருடம் மெட்டலர்ஜி முடித்தவர்களில் எத்தனை பேர் உலோக வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் சாஃப்ட்வேருக்குப் போனார்கள் என்று கேளுங்கள். மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று உங்களுக்கே தெரியும். கம்பியை இழுக்க இழுக்க இறுகும், இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும் என்ற இடத்தில் நெருப்பில் காட்டுவீர்கள், மறுபடி இளகும். ஏன் இறுகியது, எத்தனை டிகிரியில் இளகியது, அதிகம் காய்ந்தால் மேற்பரப்பு ஏன் சொரசொரப்பாகிறது? இதைப் படிப்பதுதான் மெட்டலர்ஜி. இரும்பாலையில் ஸ்டெயின்லெஸ் தகட்டைச் சூடாக்காமல் உருட்டி, பிறகு உலையில் விட்டு எடுப்பதும் இதே வேலை, அளவுதான் பெரிது.

கடிதம் முழுக்க நீங்கள்தான் பேசுகிறீர்கள், மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. விருப்பப் பட்டியல் பூர்த்தி செய்யும் முன் ஒரு நாள் அவளைப் பட்டறையில் உட்கார வைத்து இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஆர்வமாகத் திருப்பிக் கேள்வி கேட்டால் கருப்பூரை முதலில் போடச் சொல்லுங்கள். கைப்பேசியை எடுத்துவிட்டால், கட்டணம் குறைவான கல்லூரிகளில் வேறு பிரிவு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் கடனைப் பற்றி யோசிக்கலாம்.