‘வேண்டும்’ என்பதற்குச் சீனத்தில் எந்தச் சொல்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உதிரிப்பாகங்கள் வாங்கும் வணிகத்துக்காகச் சீன மொழி கற்று வருகிறேன். சொற்பட்டியலில் ‘பீஷ்யூ’ என்பதற்கு ‘வேண்டும்’ என்று பொருள் எழுதியிருந்தது. அதை நம்பி, ‘எனக்கு இரண்டு பெட்டி வேண்டும்’ என்பதை ‘வொ பீஷ்யூ லியாங் ஷியாங்’ என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன் தவறு?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நமது ‘வேண்டும்’ பல வேலைகளைச் செய்கிறது. ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்னும்போது அது விருப்பத்தையும் தேவையையும் காட்டுகிறது. ‘நான் போக வேண்டும்’ என்னும்போது கடமையைக் காட்டுகிறது. ‘அவர் இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்’ என்னும்போது ஊகத்தைக் காட்டுகிறது. சீன மொழி இந்த வேலைகளை வெவ்வேறு சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ‘பீஷ்யூ’வுக்குக் கிடைத்தது கடமை மட்டுமே.

இலக்கண வகையில் அது ஒரு வினையடை. ‘கட்டாயமாக’, ‘தவறாமல்’ என்பவற்றைப் போல ஒரு வினையைச் சார்ந்தே நிற்கும். ‘நீ பீஷ்யூ ச்யூ’ என்றால் ‘நீ போயே ஆக வேண்டும்’. இங்கே ‘ச்யூ’ என்பது ‘போ’ என்னும் வினை. (சீனத்திலும் முன்னிலை ஒருமைக்கு ‘நீ’ என்றே சொல்கிறார்கள், இரண்டு மொழிகளுக்கும் உறவில்லை, தற்செயலான ஒற்றுமைதான்.) உங்கள் வாக்கியத்தில் ‘பீஷ்யூ’வுக்குப் பின் வினையே இல்லை, ‘இரண்டு பெட்டி’ மட்டும்தான் இருக்கிறது. ‘நான் கட்டாயமாக இரண்டு பெட்டி’ என்று நிறுத்தினால் தமிழில் எப்படி அந்தரத்தில் தொங்குமோ, சீனர் காதுக்கு உங்கள் வாக்கியம் அப்படித்தான் ஒலிக்கும். பொருள் ஒன்று வேண்டும் என்று கேட்க, ‘யாவ்’ என்ற சொல்லே போதும்: ‘வொ யாவ் லியாங் ஷியாங்’. தேவை என்பதைச் சற்று முறையாகச் சொல்ல விரும்பினால் ‘ஷ்யூயாவ்’ என்று எழுதலாம்.

இந்த ‘யாவ்’ நமக்கு மிக நெருக்கமான சொல். ‘வேண்டும்’ போலவே அது பெயரோடு வந்தால் விருப்பத்தையும், வினையோடு வந்தால் இடத்துக்கேற்ப விருப்பத்தையோ கடமையையோ குறிக்கும். ஆகவே ‘வேண்டும்’ என்பதற்கு ஒரே ஒரு சீனச் சொல்லைச் சொல்லியாக வேண்டும் என்றால், நான் ‘பீஷ்யூ’வைச் சொல்ல மாட்டேன், ‘யாவ்’ என்றே சொல்வேன்.

கடமையைச் சொல்லும் சொற்களுக்குள்ளும் அழுத்தத்தில் படிகள் உண்டு. ‘யிங்-காய்’ என்பது அறிவுரை. அப்படிச் செய்வது நல்லது, முறை என்ற பொருளில் வரும். ‘தேய்’ என்பது அன்றாடப் பேச்சில் மிகுதியாகப் புழங்கும் சொல். நாம் பேச்சில் ‘போகணும்’, ‘சாப்பிடணும்’ என்று சொல்லும் ‘ணும்’ எந்த எடையில் இருக்கிறதோ, ஏறத்தாழ அதே எடை. விருந்து முடிந்து எழுகிறவர் ‘வொ தேய் ட்ஸோ ல’, அதாவது ‘நான் கிளம்பணும்’ என்பார்; அங்கே ‘பீஷ்யூ’ போட்டால் யாரோ அவரைப் பிடித்து இழுத்துப் போவதைப் போன்ற தொனி வந்துவிடும். ‘பீஷ்யூ’ விதிமுறை, ஒப்பந்தம், ஆணை ஆகியவற்றின் சொல். சரக்கு குறித்த தேதிக்குள் வந்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத அது பொருத்தமானது. ஆனால் விற்பனையாளரிடம் நேரில் ‘நீங்கள் விலையைக் குறைக்க வேண்டும்’ என்று கேட்கும்போது பயன்படுத்தினால் அது கட்டளையாகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ‘ஃபெய் … பூகெ’ என்ற அமைப்பு. நடுவில் வினையை வைத்து ‘ஃபெய் ச்யூ பூகெ’ என்றால், ‘போகாமல் தீராது’. இரண்டு எதிர்மறைகளைச் சேர்த்துக் கட்டாயத்தைச் சொல்லும் இந்த முறை தமிழருக்குப் புதிதன்று என்பதால், விளக்கமே இல்லாமல் மனத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவதான ஊகத்தில்தான் கவனம் மிகவும் தேவை. ‘அவர் இப்போது வீட்டில் இருக்க வேண்டும்’ என்று நீங்கள் ஊகமாகச் சொல்ல நினைத்து ‘பீஷ்யூ’ போட்டால், அவர் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்று யாரோ விதித்திருப்பதாகக் கேட்பவர் புரிந்துகொள்வார். ஊகத்துக்கு ‘யிங்-காய்’, உறுதியான ஊகத்துக்கு ‘யீதிங்’ என்பவையே சரி.

கேள்வி: ‘பீஷ்யூ’வுக்கு முன்னால் ‘பூ’ சேர்த்தால் எதிர்மறை ஆகிவிடும் அல்லவா? சீன நண்பர்கள் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: நீங்கள் கேட்டதில்லை என்பதே சரியான விடை. ‘பூ பீஷ்யூ’ இயல்பான வழக்கு அன்று. ‘தேய்’ என்ற சொல்லையும் அந்தப் பொருளில் ‘பூ’ சேர்த்து மறுக்க முடியாது. மறுப்புக்கென்று தனிச் சொற்கள் இருக்கின்றன. தமிழிலும் ‘வேண்டும்’ என்பதன் மறுப்பு ‘வேண்டாம்’, ‘வேண்டியதில்லை’, ‘கூடாது’ என்று மூன்றாகப் பிரிவதால், இந்த இடத்தில் நாம் குழம்பத் தேவையில்லை.

‘வேண்டியதில்லை’ என்பதற்குப் பேச்சில் ‘பூயோங்’, எழுத்தில் ‘பூபீ’. நன்றி சொன்னவரிடம் சீனர்கள் சொல்லும் ‘பூயோங் ஷியெ’ என்பதன் நேர்ப்பொருள் ‘நன்றி சொல்ல வேண்டியதில்லை’ என்பதுதான். ‘செய்யாதே’, ‘செய்ய வேண்டாம்’ என்பதற்கு ‘பூயாவ்’. ‘கூடாது’ என்பதற்கு ‘பூநெங்’, கண்டிப்பான தடை என்றால் ‘பூஷ்யூ’.

‘பூயோங்’, ‘பூயாவ்’ ஆகிய இரண்டையும் மாற்றிச் சொன்னால் உறவே கசந்துவிடக்கூடும். ‘நீ பூயோங் லாய்’ என்றால் ‘நீ சிரமப்பட்டு வர வேண்டியதில்லை’. ‘நீ பூயாவ் லாய்’ என்றால் ‘நீ வராதே’. உடல்நலமில்லாத நண்பரிடம் முதலாவதைச் சொல்ல நினைத்து இரண்டாவதைச் சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும்! அதனால்தான் ‘பீஷ்யூ’வை யார் கற்பித்தாலும், அதே பாடத்தில் ‘பூயோங்’ என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

கேள்வி: சீனச் சட்டங்களை மொழிபெயர்ப்பில் படிக்கிறேன். கட்டாயத்தைக் காட்ட அவற்றில் ‘பீஷ்யூ’தான் வருகிறதா?
– சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

பதில்: வருகிறது, ஆனால் குறைவாக. 1982-ஆம் ஆண்டின் சீன அரசமைப்பில், குடிமக்கள் அரசமைப்பையும் சட்டத்தையும் கடைப்பிடிக்க வேண்டும் என்று சொல்லும் 53-ஆம் பிரிவில் ‘பீஷ்யூ’ இருக்கிறது. பிற சட்டங்களில் பெரும்பாலும் நீங்கள் காண்பது ‘யிங்-தாங்’ என்ற சொல். சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் பேராயத்தின் நிலைக்குழுவைச் சேர்ந்த சட்டப் பணிக் குழு 2009-இல் வெளியிட்ட சட்ட வரைவு நெறிமுறை, இரண்டு சொற்களுக்கும் அடிப்படையில் பொருள் வேறுபாடு இல்லை என்றும், கடமையைச் சொல்லும் விதிகளில் பொதுவாக ‘யிங்-தாங்’ என்பதையே எழுத வேண்டும் என்றும் கூறுகிறது. அகராதியில் அதன் பொருள் ‘செய்வது தகும்’ என்று மென்மையாக இருப்பதைப் பார்த்து, சட்டத்தின் கட்டாயத்தை மொழிபெயர்ப்பில் அறிவுரையாகத் தளர்த்திவிடக் கூடாது.

கேள்வி: ‘பீஷ்யூ’ என்று ஒலிக்கும் சொல் அகராதியில் இரண்டு இடங்களில் இருக்கிறது. எது சரி? உச்சரிப்பதற்கும் வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: இரண்டும் சரியான சொற்கள், ஒலியும் தொனியும்கூட (குரலின் ஏற்ற இறக்கமும்) ஒன்றே. முதல் எழுத்து இரண்டிலும் பொது. இரண்டாம் எழுத்துதான் வேறு. நாம் இதுவரை பேசிய வினையடையில், இடப்பக்கம் மூன்று சாய்கோடுகளும் வலப்பக்கம் தலையைக் குறிக்கும் உறுப்பும் கொண்ட ஒன்பது கோட்டு எழுத்து வரும். அது தொடக்கத்தில் தாடியைக் குறித்த எழுத்து. ஒலி ஒத்ததால் கட்டாயப் பொருளுக்கு இரவல் வாங்கப்பட்டது. மற்றதில் வருவது, மேலே மழையைக் குறிக்கும் உறுப்பு கொண்ட பதினான்கு கோட்டு எழுத்து, பொருள் ‘தேவை’. அந்தச் சொல் ‘இன்றியமையாத’ என்று பொருள்படும்; அத்தியாவசியப் பொருள்களை ‘பீஷ்யூபின்’ என்பது அதனால்தான். சீனப் பள்ளி மாணவர்களும் இந்த இரண்டில் தடுமாறுவது உண்டு.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. ‘பல்’ என்பதில் வரும் வல்லின ‘ப’தான் இங்கே வேண்டும்; ‘பந்து’ என்று பலரும் சொல்வது போன்ற அதிர்வும் வேண்டா, மூச்சை ஊதவும் வேண்டா. ‘பீ’ மேலிருந்து சட்டென்று கீழே இறங்கும் தொனி. ‘ஷ்யூ’ உயர்ந்த நிலையில் சமமாக நீளும். அதன் உயிரொலிக்கு, உதட்டைக் குவித்துக்கொண்டு ‘ஈ’ சொல்லுங்கள்.

ஆறு நிலைகள் கொண்ட எச்எஸ்கே என்ற சீன மொழித் திறன் தேர்வின் சொற்பட்டியல் ‘பீஷ்யூ’வை மூன்றாம் நிலையிலும் ‘தேய்’ என்பதை நான்காம் நிலையிலும் வைத்திருந்தது. தேர்வுக்காக அல்லாமல் பேசுவதற்காகக் கற்பவர் ‘தேய்’ என்பதை முதலில் பழகுவதே நல்லது. தொலைபேசியில் உரோமன் எழுத்தால் தட்டச்சு செய்யும்போது மேற்சொன்ன இரண்டு சொற்களும் தெரிவுப் பட்டியலில் அடுத்தடுத்துத் தோன்றும். உங்கள் வாக்கியத்தில் அதற்கு அடுத்து ஒரு வினை வருகிறதென்றால், தாடி எழுத்து உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.