விஆர் லென்ஸ் வாங்கினால் கபடிப் படம் கலங்காதா?

கேள்வி: நிக்கான் டி5600, 18-55 கிட் லென்ஸ் வைத்திருக்கிறேன். தேவனாம்பட்டினத்தில் இரவுக் கபடி எடுத்தால் ஆட்டக்காரர்களின் கைகால் இழுபட்டு விழுகிறது. படத்தின் விவரத்தில் ஷட்டர் திறந்திருந்த நேரம் (ஷட்டர் ஸ்பீடு) 1/50 விநாடி, லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 3200 என்று இருக்கிறது. கடைக்காரர் 'விஆர்' (நடுக்கம் குறைக்கும் வசதி) உள்ள 70-300 லென்ஸ் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: இதற்காக வேண்டாம். விஆர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். பாடி வருபவரின் கையை நிறுத்தாது. படத்தைப் பெரிதாக்கி, களத்தில் போட்ட கோட்டைப் பாருங்கள். கோடு தெளிவாக இருந்து கை மட்டும் இழுபட்டிருந்தால் கோளாறு ஷட்டர் ஸ்பீடில். கோடும் சேர்ந்து கலங்கியிருந்தால் கை நடுக்கம்.

தொட நீளும் கை விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். 1/50-இல் அது 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஐந்து விரலும் ஒரே பட்டை. 1/500-இல் ஒரு சென்டிமீட்டர்தான்.

முதலில் காசில்லாத வழி. டயலை 'எஸ்'-இல் (ஷட்டர் ஸ்பீடை நாமே வைக்கும் முறை) வைத்து 1/250 கொடுங்கள், ஆட்டோ ஐஎஸ்ஓ உச்சவரம்பு 6400. கோட்டருகே நின்று லென்ஸை 18-க்குக் கொண்டுவாருங்கள். அங்கே எஃப் 3.5 வரை திறக்கும்; எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் கூடும். படம் புள்ளி புள்ளியாக வரும், வரட்டும். புள்ளியைப் பிறகு குறைக்கலாம், இழுபட்ட விரலைச் சரிசெய்ய முடியாது.

போதாவிட்டால் 50 எம்எம் எஃப் 1.8 வாங்குங்கள். எஃப் 5.6-ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். அதே ஐஎஸ்ஓ 3200-இல் 1/500 கிடைக்கும். பழைய லென்ஸ் பார்த்தால் 'ஏஎஃப்-எஸ்' (ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே உண்டு) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் இல்லாத 'ஏஎஃப்-டி' ரக லென்ஸ் மலிவு, ஆனால் டி5600 கேமராவிலும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. வளையத்தைக் கையால் திருகிக்கொண்டு கபடி எடுப்பது ஆகிற காரியமா?

இன்னொன்று: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மட்டமான எல்இடி விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது. 1/500-இல் சில படம் இருண்டு வரும். கேமரா பழுது என்று சர்வீஸுக்குத் தூக்கிப் போகாதீர்கள். தொடர் ஷாட்டில் எடுத்து நல்லதைப் பொறுக்குங்கள்.

கேள்வி: பிளெண்டரில் (3டி அனிமேஷன் மென்பொருள்) மோஷன் ப்ளர், அதாவது அசைவால் வரும் கலங்கல், போட்டால் படத்தைக் கணினி உருவாக்கும் ரெண்டர் நேரம் எகிறுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு மாற்றவா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: அவசரம் வேண்டாம். பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் மோஷன் ப்ளரை அணைத்து, அசைவின் திசையையும் அளவையும் பதியும் வெக்டர் பாஸை இயக்குங்கள். இரண்டும் ஒன்றாக ஓடாது. பிறகு, ரெண்டரான படத்தை மெருகேற்றும் கம்பாசிட்டரில், அந்தப் பதிவை வைத்துக் கலங்கலைச் சேர்க்கும் வெக்டர் ப்ளர் நோடைச் சேருங்கள். கண்ணாடியும் நீர்ப் பிரதிபலிப்பும் உள்ள ஷாட்டில் இது ஏமாற்றும். அவற்றுக்கு மட்டும் நிஜ மோஷன் ப்ளர், ஷட்டர் 0.5; அதாவது 24 ஃபிரேமில் 1/48 விநாடி. அப்படிப்பட்ட ஷாட்டே அதிகம் என்றால் கார்டு பார்க்கலாம்.