எமர்ஜென்சில இருந்து வீட்டுக்கு வந்தப்புறம் வர்ற வீடியோ கால்ல என்ன பேசணும்?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயசு, ஊரு குடியாத்தம் பக்கம். காலைல சுகர் மாத்திரைய போட்டுட்டு சாப்பிடாமலே நிலத்துக்குப் போயி அங்கயே மயங்கிட்டாரு. வேலூர்ல எமர்ஜென்சில க்ளூக்கோஸ் ஏத்தி மறுநாள் அனுப்பிட்டாங்க, ரெண்டு நாள் கழிச்சு வீடியோ கால்ல பேசுவாங்களாம். நான் பெங்களூர்ல வேலைல இருக்கேன், நானே பேசிடட்டுமா? போன்ல பேசி என்னங்க ஆகப்போவுது?

பதில்: ஆகும்ங்க, ஆனா நீங்க மட்டும் பெங்களூர்ல இருந்து பேசினா ஆகாது. எமர்ஜென்சில டிஸ்சார்ஜ் பண்ணும்போது நர்ஸ் சொல்றது பாதிகூட காதுல ஏறாது, பில்லு கட்டணும், ஆட்டோ புடிக்கணும், அந்த டென்ஷன். அதை வீட்ல நிதானமா மறுபடி கேக்கத்தான் இந்த கால். அதனால அப்பாவும், மாத்திரை எடுத்துக் குடுக்கறது யாரோ (பெரும்பாலும் அம்மாதான்) அவங்களும் வீட்ல இருந்து பேசணும், நீங்க கான்ஃபரன்ஸ்ல சேந்துக்குங்க.

கால் வர்றதுக்கு முன்னாடி வீட்ல இருக்கற அத்தனை மாத்திரை அட்டையும், பழசு புதுசு எல்லாம், கட்டில்மேல கொட்டி ஒவ்வொண்ணா கேமரால காட்டுங்க. ஒரே மருந்து ரெண்டு கம்பெனி பேர்ல ரெண்டு டாக்டர் எழுதி ரெண்டையும் போட்டுட்டு வர்றவங்க நிறைய பேரு, இது ஆஸ்பத்திரில தெரியாது, வீட்லதான் தெரியும்.

முக்கியமா கேக்க வேண்டியது, எந்த மாத்திரையால சுகர் இறங்குச்சு, அதை நிறுத்தணுமா கொறைக்கணுமா, கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட்) எவ்ளோ. கிளைபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரைங்க நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடலன்னாலும் இன்சுலின சுரக்க வெச்சுனே இருக்கும், கிட்னி கொஞ்சம் வீக்கா இருந்தா உடம்புல ரொம்ப நேரம் தங்கிடும், க்ளூக்கோஸ் ஏத்தி சரியானப்புறமும் மறுபடி இறங்கறது அதனாலதான். 2020ல வந்த டெலிமெடிசின் விதிப்படி டாக்டர் போன்லயே டோஸ மாத்தி சீட்டு அனுப்பலாம், மெடிக்கல்ல அது செல்லும்.

டாக்டர் "புரிஞ்சுதா"ன்னா நம்ம ஆளுங்க எல்லாரும் தலையாட்டிடுவாங்க, அது வேலைக்கு ஆகாது. கடைசில அம்மாவையே திருப்பி சொல்ல சொல்லுங்க: காலைல எது, சாப்பிடலன்னா என்ன பண்றது, வேர்த்து கை நடுங்குனா என்ன குடுக்கறது. சுகர் 70க்கு கீழ போனா மூணு டீஸ்பூன் சக்கரைய தண்ணில கலக்கிக் குடுத்துட்டு 15 நிமிஷத்துல மறுபடி டெஸ்ட் பண்ணணும், ஏறலன்னா இன்னொரு தடவை குடுக்கணும், ஏறினப்புறம் சாப்பாடு. இனிப்புதானேன்னு ஆற்காடு மக்கன் பேடாவ எடுத்து நீட்டாதீங்க, அதுல இருக்கற நெய்யும் கோவாவும் சக்கரை ரத்தத்துல ஏறறத லேட்டாக்கிடும்.

நினைவு இல்லன்னா, பேச்சு கொழறினா வாயில எதுவும் ஊத்தாதீங்க, கால் வரட்டும்னு காத்திருக்காம 108.

சொன்ன நாள்ல கால் வரலன்னா கவர்மெண்ட்டோட இ-சஞ்சீவனிங்கற ஆன்லைன் டாக்டர் சேவைல காசில்லாம டாக்டர்கிட்ட பேசலாம், ஆனா அவங்ககிட்ட அப்பாவோட ரெக்கார்டு இருக்காது, டிஸ்சார்ஜ் சம்மரிய போட்டோ எடுத்து கைல வெச்சுக்குங்க.