இரண்டு கப்சூல், ஒரு மிடறு தேத்தண்ணீர்

கேள்வி: தம்பலகாமத்தில் எங்களுக்கு வயல். பெரும்போகத்துக்கு இறங்கமுன், எலிக்காய்ச்சல் வராமலிருக்க 58 வயதான அப்பாவுக்கு டொக்டர் டொக்சிசைக்கிளின் எழுதித் தந்தார்; கிழமைக்கு ஒருநாள் 100 மில்லிகிராம் கப்சூல் இரண்டு. முதல் நாளே படுக்கப் போகும்போது ஒரு மிடறு தேத்தண்ணீரோடு இரண்டையும் விழுங்கிவிட்டுச் சரிந்துவிட்டார். விடிய நெஞ்செரிவு, எச்சில் விழுங்கவும் நோகிறதாம். மூன்று நாளாகிறது. "சூடான மருந்து, எனக்கு ஒத்துவராது" என்கிறார். தயிரோடு கொடுக்கலாமா? நான் நான்கு மாதக் கர்ப்பிணி, வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன். மிச்சத்தை நான் போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்கிறேன். போடக்கூடாது, தங்கச்சி. டொக்சிசைக்கிளின் டெட்ராசைக்கிளின் குடும்பத்து மருந்து. வளரும் பல்லிலும் எலும்பிலும் படியக்கூடிய குடும்பம் அது. கர்ப்பிணிகளுக்கு வழமையாகக் கொடுப்பதில்லை. நீங்கள் சேற்றில் இறங்காமல் வரம்பிலேயே நின்று சாப்பாட்டைக் கொடுங்கள். காலில் காயம் இருந்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம். இறங்கித்தான் ஆகவேண்டுமென்றால் கிளினிக் டொக்டரிடம் கேளுங்கள். அப்பாவின் உறையிலிருந்து எடுக்கவேண்டாம்.

அப்பாவை இன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். கப்சூல் தொண்டைக்குக் கீழே ஒட்டிப் புண்ணாக்கியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் 58 வயது மனிதர் நெஞ்சு எரிகிறது என்றால் இருதயக் கோளாறு இல்லை என்பதை ஈசிஜி எடுத்துத்தான் சொல்லவேண்டும், ஊகித்தல்ல. வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், இரத்தமாகச் சத்தியெடுத்தால், மலம் கறுப்பாகப் போனால் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். அடுத்த முறைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. டொக்டர் சொல்லும்வரை நிறுத்தி வையுங்கள்.

"சூடு" என்று அப்பா சொல்வது முழுக்கப் பிழையில்லை. ஈரக்கையால் கப்சூலைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விரலோடு பசைபோல ஒட்டும். உணவுக்குழாயும் ஈரமான குழாய்தான். ஒரு மிடறு தண்ணீர் அதைக் கீழே தள்ளப் போதாது. அதோடு படுத்துவிட்டால் தூக்கத்தில் எச்சில் குறையும், விழுங்குவதும் குறையும். நடுநெஞ்சில் நின்ற கப்சூல் அங்கேயே கரைகிறது. டொக்சிசைக்கிளின் கரைந்தால் நல்ல அமிலம். மெல்லிய தோலைப் பொசுக்கிவிடும். பெரும்பாலும் இந்தப் புண் சில நாட்களில், மிஞ்சினால் சில கிழமைகளில் ஆறிவிடும்.

டொக்டர் மறுபடி தொடங்கச் சொன்னால், காலைச் சாப்பாடு முடிந்ததும் கொடுங்கள். முதலில் ஒரு மிடறு தண்ணீர் குடித்துத் தொண்டையை நனைக்கவேண்டும். பிறகு ஒரு கப்சூல், அரைக் கிளாஸ் தண்ணீர். அது இறங்கியபின் மற்றது, மிச்சத் தண்ணீர். நின்றபடியோ நிமிர்ந்து இருந்தபடியோ போடவேண்டும். அரைமணி நேரமாவது சரியக்கூடாது. நான் பாமசியில் ஒரு மணித்தியாலம் என்றே சொல்லிவிடுவேன், ஆட்கள் பாதியாவது கேட்பார்கள் என்ற நம்பிக்கையில். போட்ட கையோடு வயலுக்கு நடந்தால் இன்னும் நல்லது. ஒரு கிழமை தவறிவிட்டால் நினைவு வந்த நாளில் போடலாம், இரட்டிப்பாக்கவேண்டாம்.

தயிர் விஷயம். பாலிலும் தயிரிலும் உள்ள கல்சியம் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும். பழைய டெட்ராசைக்கிளினுக்கு அது பெரிய இழப்பு; டொக்சிசைக்கிளினுக்கு ஐந்தில் ஒரு பங்களவே குறையும். ஆகவே கிண்ணியா எருமைத் தயிரை அப்பாவிடமிருந்து பறிக்கவேண்டாம், மத்தியானச் சோற்றோடு சாப்பிடட்டும். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. நெஞ்செரிவு என்றதும் வீட்டில் வெள்ளைப் பாணி மருந்து ஒன்று வந்திருக்குமே, அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் இந்த மருந்தை நன்றாகவே கட்டிப்போடும். இரும்புச்சத்துக் குளிசையும் அப்படித்தான். மருந்து போடும் நேரத்தோடு இவற்றைச் சேர்க்கவேண்டாம். எத்தனை மணித்தியால இடைவெளி என்று பாமசியில் கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வாபரின் அல்லது வலிப்புக் குளிசை பாவிப்பவராக இருந்தால் டொக்டருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும்.

வெயிலில் தோலும் சுலபமாகச் சிவந்து எரியும். சாரத்தை மடித்துக் கட்டி வெறும் மேலோடு நிற்கும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் நீளக்கைச் சேட்டும் தலைப்பாவும் கொடுத்தனுப்புங்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு இது தேவையா என்று அப்பா கேட்பார். பனாமாக் காட்டில் பயிற்சி பெற்ற அமெரிக்கச் சிப்பாய்களிடம் நடத்தி 1984இல் வெளியான ஆய்வில், கிழமைக்கு 200 மில்லிகிராம் போட்ட 469 பேரில் ஒருவருக்கே எலிக்காய்ச்சல் வந்தது. வெற்றுக் குளிசை போட்ட 471 பேரில் 20 பேருக்கு வந்தது. அது மூன்று கிழமைப் பயிற்சி. நம் வயலில் போகம் முழுக்க சேறு, எலி, மாடு. குளிசை போட்டாலும் காய்ச்சல் வரலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவோ, கண் சிவப்போ, சிறுநீர் குறைவோ இருந்தால் பனடோலோடு வீட்டில் கிடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், "வயலில் இறங்கினேன், டொக்சி போட்டேன்" என்று இரண்டையும் சொல்லவேண்டும்.

இன்றைக்கு டொக்டரிடம் போகும்போது மிச்சக் கப்சூல்களை உறையோடு கொண்டுபோங்கள். அந்த வெள்ளைப் பாணிப் போத்தலையும்.