சாதாரணப் பழைய கார்களுக்குத் தென்னாப்பிரிக்காவில் ஏன் இவ்வளவு விலை? வாங்கி வைத்தால் இலாபம் வருமா?

மறைந்த உங்கள் தந்தையாரின் 1988ஆம் ஆண்டுச் சிட்டி கோல்ஃப் கார், டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் உள்ள வீட்டு முற்றத்தில் சில ஆண்டுகளாக ஓடாமல் நிற்பதாகவும், அதைக் கேட்டு ஆட்கள் வந்த வண்ணம் இருப்பதாகவும், விலை ஏறிக்கொண்டே போவதால் இன்னும் இரண்டு பழைய கார்களைச் சேர்ந்து வாங்கி வைக்கலாம் என்று உங்கள் மைத்துனர் வற்புறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டர்பனில் காப்பீட்டு நிறுவனங்களுக்காக வாகன மதிப்பீட்டாளராக வேலை பார்த்தே என் காலம் கழிந்தது என்பதால், அந்தக் கண்ணோட்டத்திலிருந்து பதில் சொல்கிறேன். விலை ஏறியிருப்பது உண்மைதான். ஆனால் ஏறியிருப்பது கை வைக்கப்படாத, துருப்பிடிக்காத, காகிதங்கள் சரியாக இருக்கும் கார்களின் விலை. அதே பெயர்ப்பலகை ஒட்டிய எல்லாக் கார்களின் விலையும் அல்ல. உங்கள் மைத்துனர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறார் என்று தோன்றுகிறது.

சிட்டி கோல்ஃபையே எடுத்துக்கொள்வோம். யூட்டன்ஹேக் ஆலையில் 1978 முதல் தயாரான முதல் தலைமுறை கோல்ஃபுக்குப் பதிலாக 1984இல் இரண்டாம் தலைமுறை வந்தபோது, புதியது பலருக்கு எட்டாத விலையில் இருந்தது. ஆகவே ஃபோக்ஸ்வாகன் பழைய வடிவத்தையே சற்று மாற்றி, சிட்டி கோல்ஃப் என்ற பெயரில் மலிவு விலையில் விற்கத் தொடங்கியது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று நிறங்களில் வந்த அந்த விளம்பரங்கள் அக்காலத்தில் இங்கே வளர்ந்த எவருக்கும் மறந்திருக்காது. உலகின் மற்ற நாடுகள் அந்த வடிவத்தைக் கைவிட்டு நெடுங்காலம் ஆன பிறகும், 2009 வரை அது இங்கே தயாராகிக்கொண்டே இருந்தது. கடைசியாக எண்ணிட்ட 1000 கார்களோடு நிறுத்தினார்கள். மொத்தமாக மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சிட்டி கோல்ஃப்கள் வெளிவந்தன. ரோஸ்லின் ஆலையில் 2008 வரை தயாரான நிசான் 1400 பக்கி என்ற சிறு சரக்கு வண்டியின் கதையும் ஏறக்குறைய இதுவே. பழம், காய்கறி விற்பவர் முதல் குழாய் பழுதுபார்ப்பவர் வரை எல்லோரும் ஓட்டிய வண்டி அது.

இத்தனை இலட்சம் தயாரான ஒன்று எப்படி அரிதாகும் என்று நீங்கள் கேட்கலாம். மலிவாக இருந்ததால்தான் அரிதாயிற்று. விலை உயர்ந்த காரை வாங்கியவர் அதைப் போர்த்தி வைத்தார், சேவைப் புத்தகத்தில் முத்திரை வாங்கினார், கீறல் விழுந்தால் வருந்தினார். மலிவான காரை மகனுக்குக் கொடுத்தார்கள், மகன் தாழ்த்தி அகலச் சக்கரம் போட்டான், பிறகு அது மாணவர் ஒருவர் கைக்குப் போய், விபத்தில் சிக்கி, உதிரி பாகக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. டொயோட்டா கிரெசிடாவும் கொன்குவெஸ்ட்டும் திருடர்களுக்கு மிகவும் பிடித்தவையாக இருந்ததையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே எத்தனை தயாராயின என்பதைவிட, தொழிற்சாலையிலிருந்து வந்தது வந்தபடியே எத்தனை எஞ்சின என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது.

விலையை மேலே இழுத்த இன்னொரு விசை, அரிய கார் ஒன்று தன் குடும்பத்துச் சாதாரண கார்களையும் சேர்த்து உயர்த்துவது. பந்தயத்தில் ஓட வேண்டுமானால் அதே மாதிரியைப் பொதுமக்களுக்கும் விற்றிருக்க வேண்டும் என்ற விதியால், தென்னாப்பிரிக்காவுக்கு மட்டுமே உரிய சில கார்கள் பிறந்தன. ஐந்து லிட்டர் வி8 எஞ்சின் பொருத்திய ஃபோர்டு சியாரா எக்ஸ்ஆர்8 250 மட்டுமே தயாராயிற்று. பிஎம்டபிள்யூ 333ஐ (333i) இருநூற்றுச் சொச்சம்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குரூப் என் (Group N) எனப்படும் சாலைக் கார்களுக்கான பந்தயங்களில் ஓபெல் சூப்பர்பாஸும் பிஎம்டபிள்யூ 325ஐஎஸ்ஸும் மோதிக்கொண்டதைப் பார்த்த இளைஞர்கள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் ஓரளவு தீர்ந்து, கையில் சிறிது பணம் இருக்கும் வயது அது. அவர்கள் தேடும் நல்ல 325ஐஎஸ் இன்று ஐந்து இலட்சம் ராண்டுக்கு மேல் விளம்பரமாவது சாதாரணமாகிவிட்டது. அது எட்டாதபோது 320ஐ, அதுவும் எட்டாதபோது 316 என்று படிப்படியாக இறங்கி வருகிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் யாரும் திரும்பிப் பார்க்காத 316இன் விலை ஏறியதற்கு அந்தக் காரின் சொந்தச் சிறப்பு எதுவும் காரணமல்ல. இதன் மறுபக்கமாக, சாதாரண 325ஐ ஒன்றுக்கு ஐஎஸ் உதிரிகளை மாட்டி அசல் என்று விற்பவர்களும் பெருகிவிட்டார்கள். வட்டமடித்து டயரைப் புகைக்கும் ஸ்பின்னிங் விளையாட்டில் அழிந்துபோன அதே வடிவ கார்கள் எத்தனை என்பதை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இங்குள்ள இந்திய வம்சாவளியினரான நம்மவர்களிடையே இந்த ஏக்கத்துக்குத் தனிக் காரணம் ஒன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் நகரத்தை ஒட்டிய இடங்களிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கும், பின்னர் ஃபீனிக்ஸுக்கும் குடிபெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்கு வேலை, கோவில், உறவினர் வீடு எல்லாமே தொலைவாகிவிட்டன. முதல் கார் என்பது அந்தத் தொலைவைக் கடக்க வாங்கியது. காவடிக்கு அம்கெனி சாலைக் கோவிலுக்கும், தீமிதிக்கு மவுண்ட் எட்ஜ்கோம்புக்கும் வீட்டார் அனைவரையும் ஏற்றிச் சென்ற டட்சனையோ கொரோலாவையோ இன்று தேடி வாங்குபவர், அந்த மாதிரியின் இயந்திரச் சிறப்புக்காக வாங்குவதில்லை. அப்படிப்பட்டவர் கணக்குப் பார்க்காமல் பணம் கொடுப்பார். ஆனால் அவருக்கு வேண்டியது குறிப்பிட்ட நிறத்தில், குறிப்பிட்ட ஆண்டில் வந்த ஒன்றுதான். பொதுவான சந்தை விலை என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

வரத்துப் பக்கத்தைப் பார்த்தால் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. உள்நாட்டுத் தொழிலைக் காப்பதற்காகப் பழைய கார்களை இறக்குமதி செய்வதற்குத் தென்னாப்பிரிக்காவில் தடை உண்டு. சர்வதேச வர்த்தக நிர்வாக ஆணையத்தின் அனுமதியோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழங்காலக் கார்கள், குடிபெயர்ந்து வருவோரின் சொந்தக் கார்கள் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே இருக்கின்றன. ஜப்பானிலிருந்து மலிவாகக் கொண்டுவந்து தட்டுப்பாட்டைத் தீர்க்க வழியில்லை. வெளியே போகும் கதவோ திறந்திருக்கிறது. நாமும் இங்கிலாந்துக்காரர்களும் ஆஸ்திரேலியர்களும் சாலையின் இடப்பக்கமாக ஓட்டுபவர்கள். உப்புத் தூவிய குளிர்காலச் சாலைகளில் இங்கிலாந்துக்காரர்களின் பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டுகள் அரித்துப் போயின. ஜொகனஸ்பர்க் பக்கத்து வறண்ட காற்றில் நம்முடையவை பிழைத்தன. ராண்ட் இறங்கும் ஒவ்வொரு முறையும் வெளிநாட்டவர்களுக்கு நம் கார்கள் மலிவாகின்றன, நமக்கு எஞ்சியிருப்பவை குறைகின்றன.

இங்கேதான் டர்பன்காரர்களாகிய நாம் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் கார்கள் கடற்கரைக் கார்கள். ஜொகனஸ்பர்க்கிலிருந்து வாங்க வருபவர் பதிவெண்ணில் குவாசுலு-நட்டாலைப் பார்த்ததுமே பாதி விலையை மனதுக்குள் குறைத்துவிடுகிறார். அதில் தவறும் இல்லை. உங்கள் கோல்ஃபை அவர் எப்படிப் பார்ப்பார் என்று சொல்கிறேன், அவருக்கு முன் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முதலில் பானெட்டைத் திறந்து, முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் பள்ளத்தில் கிடக்கும் இலைச் சருகுகளை வாரி எடுங்கள். ஆண்டுக்கணக்கில் மரத்தடியில் நின்ற காரில் அந்தச் சருகு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அடியில் பெயிண்ட் கொப்பளித்திருந்தால் கட்டை விரலால் அழுத்துங்கள், தகடு நெளிந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று பொருள். அடுத்தது பேட்டரி அமரும் தட்டு. பிறகு பின்பக்கம் பெட்ரோல் ஊற்றும் வாயின் குழாய். இது முதல் தலைமுறை கோல்ஃபின் பெயர்பெற்ற பலவீனம். அந்தக் குழாய் உள்ளே துருப்பிடித்து, துருத்தூள் தொட்டிக்குள் இறங்கி, எரிபொருள் பாதையையே அடைத்துவிடும். நீண்ட நாள் நின்ற காரைச் சாவியைத் திருப்பிக் கிளப்பிப் பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். பழைய பெட்ரோலை வடித்து, தொட்டியைப் பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள். கடைசியாகக் கதவுக்குக் கீழ் ஓடும் பட்டியில் காந்தம் ஒன்றை வைத்து நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடமெல்லாம் துருவை மறைக்கப் பூசிய புட்டி.

இந்தச் சோதனையில் கார் தேறினால் அதன் மதிப்பு நீங்கள் நினைப்பதைவிட அதிகம். தேறாவிட்டால், தகடு வேலையும் பெயிண்ட் வேலையும் முடித்து விற்கும் விலை, செலவழித்த தொகையைப் பெரும்பாலும் திருப்பித் தராது. சாதாரண கார்களுக்கும் அரிய கார்களுக்கும் உள்ள கசப்பான வேறுபாடு இது: பழுதுபார்க்கும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

தகட்டைப் போலவே காகிதமும் முக்கியம். சிட்டி கோல்ஃபுகளில் பலவற்றில் ஏதோ ஒரு காலத்தில் பெரிய எஞ்சின் ஏறியிருக்கும். காவல்துறைச் சான்றிதழ் பெற்று புதிய எஞ்சினின் எண் நேட்டிஸ் என்னும் தேசிய வாகனப் பதிவேட்டில் மாற்றப்பட்டிருந்தால் சிக்கலில்லை. மாற்றப்படாமல் இருந்தால் விற்கும்போது கார் மாட்டிக்கொள்ளும். பதிவுச் சான்றில் கோடு (code) 2 என்று இருந்தால் அது சாதாரணப் பழைய கார். கோடு 3 என்று இருந்தால் பெரும் விபத்துக்குப் பின் மறுபடி கட்டியெழுப்பப்பட்டது என்று பொருள். எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சேகரிப்பாளர்கள் தொடத் தயங்குவார்கள்.

உங்கள் மைத்துனரின் திட்டத்துக்கு வருகிறேன். இணையத்தில் அவர் பார்ப்பது கேட்கும் விலை. எந்த விலைக்குக் கைமாறியது என்பது வாங்கியவருக்கும் விற்றவருக்கும் மட்டுமே தெரியும். ஒரே கார் மாதக்கணக்கில் அதே விலையில் விளம்பரத்தில் இருந்தால், அந்த விலைக்கு ஆள் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். இந்த வயதுக் கார்களுக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் கொடுப்பதில்லை என்பதால், வாங்குபவர் முழுத் தொகையையும் கையில் வைத்திருக்க வேண்டும். பொருளாதாரம் தளரும்போது முதலில் மறைந்துபோகும் கூட்டம் அது. காரை உள்ளே நிறுத்த இடம், ஓடாவிட்டாலும் வயதாகி வெடிக்கும் டயர்கள், ஆண்டுதோறும் உரிமக் கட்டணம், காப்பீடு என்று செலவும் நிற்காது. காப்பீட்டில் சந்தை மதிப்பு என்று எழுதிக்கொண்டால், திருடுபோகும் நாளில் சாதாரணப் பழைய காருக்கான தொகையே கைக்கு வரும். முன்கூட்டியே மதிப்பீட்டு அறிக்கை கொடுத்து, ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற அடிப்படையில் எழுத வேண்டும். இந்த ஒரு விஷயத்தை அறியாமல் ஏமாந்தவர்களின் கோரிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வரியையும் மறக்க வேண்டாம். சொந்தப் பயன்பாட்டுக் காரை விற்றுக் கிடைக்கும் ஆதாயத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. விற்று இலாபம் பார்க்கும் நோக்கத்தோடு இரண்டு மூன்று கார்களை வாங்கினால் வருமான வரித்துறை அதைச் சொந்தப் பயன்பாடு என்று ஒப்புக்கொள்ளாது.

ஆகவே புதிதாக எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பணத்தில் சிறு பகுதியைத் தந்தையாரின் காருக்கே செலவிடுங்கள், அதுவும் காகிதத்தில் தொடங்கி. கார் இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்திலிருந்து சொத்தை நிர்வகிக்கும் அதிகாரக் கடிதம் பெற வேண்டும்; மொத்தச் சொத்து 2,50,000 ராண்டுக்குக் குறைவாக இருந்தால் நடைமுறை எளிது. கார் ஓடாமல் நின்ற ஆண்டுகளுக்கும் உரிம நிலுவையும் அபராதமும் ஏறியிருக்கக்கூடும் என்பதால், அதன் இன்றைய நிலையை உரிம அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உரிமை மாறிய 21 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், சாலைத் தகுதிச் சான்றிதழும் தேவைப்படும். காகிதம் இல்லாத காரை வாங்க வருபவர்கள் அதை உதிரியாகத்தான் விலை பேசுவார்கள், இப்போது உங்கள் வாசலுக்கு வருபவர்களில் பலர் அந்த வகையினராகவே இருப்பார்கள்.

விற்பதா வைத்துக்கொள்வதா என்பதைக் காகிதம் கைக்கு வந்தபின் முடிவு செய்யலாம். அதுவரை பெயிண்ட் அடிக்காதீர்கள், இருக்கை உறையை மாற்றாதீர்கள், தந்தையார் வாங்கிய ரசீதுகள் எதையும் எறியாதீர்கள். வெளுத்துப்போன அசல் பெயிண்ட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆள் உண்டு. புதுப் பெயிண்ட்டைப் பார்த்தால் அடியில் என்ன மறைந்திருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.