பதினைந்து ஆண்டுகளாகக் கிடந்த அப்பாவின் டெஸ்க்டாப் இயங்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மறுபடியும் சுவிட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: புளியரையில் உங்கள் அப்பா டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) வேலை செய்த கணினி, 1997 வாக்கில் வாங்கியது, பதினைந்து ஆண்டுகளாக மச்சில் கிடந்தது. போன வாரம் இறக்கி இணைப்புக் கொடுத்தீர்கள். விசிறி ஒரு நொடி அசைந்து நின்றுவிட்டது, திரையில் ஒன்றும் வரவில்லை. அப்பா தட்டச்சு செய்த கோயில் மலர்களும் கவிதைகளும் அதற்குள் இருக்கின்றன.

நான் செங்கோட்டையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணினி பழுது பார்க்கிறேன். ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்தும் பெட்டிகள் வரும். நம் பக்கத்துப் பெட்டிகளுக்கு முதல் எதிரி ஈரம். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் சாரல் காற்று, பூட்டிய மச்சுக்குள்ளும் புகுந்துவிடும். கடை தொடங்கிய முதல் ஆண்டில், ஓர் ஆசிரியர் கொண்டுவந்த பழைய கணினிக்கு ஜூலை மாதத்தில், திறந்துகூடப் பார்க்காமல் மின்சாரம் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் பின்பக்கத்திலிருந்து பழுப்புப் புகை. மின்சாரம் நுழையும் இடத்தில் இருந்த காகிதக் கெப்பாசிட்டர் (மின்னேற்றத்தைத் தேக்கும் சிறு பாகம்) வெடித்திருந்தது. அதன் பிளாஸ்டிக் உறை காலப்போக்கில் மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும். உள்ளிருக்கும் காகிதம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு 230 வோல்ட் கிடைத்ததும் சூடாகிப் பிளந்துவிடும். அந்த நாற்றம் கடையில் பல நாள் இருந்தது. ஆசிரியரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றதை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே மூடியைக் கழற்றி, காய்ந்த அறையில் மூன்று நாள் வையுங்கள். ஒரு முழம் தள்ளி 40 வாட் குண்டு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தால் போதும். உலர்ந்தாலும் விரிசல் ஆறாது. பழுது பார்ப்பவரிடம் போகும்போது அந்தக் கெப்பாசிட்டரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

காய்கிற நேரத்தில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது அப்பாவின் எழுத்து. அது இருப்பது இந்த ஒரு பொருளில்தான். கணினி எழுந்தாலும் எழாவிட்டாலும் இது முதலில் கரையேறட்டும். பட்டையான ரிப்பன் கேபிளையும் நான்கு கம்பி மின் இணைப்பையும் நேராக இழுத்து எடுங்கள். இப்படி ரிப்பன் கேபிளில் இணையும் பழைய வகைக்கு ஐ.டி.இ. என்று பெயர். ஐ.டி.இ. டிஸ்க்கை யு.எஸ்.பி.யில் இணைக்கும் அடாப்டர் கிடைக்கிறது. டிஸ்க்கின் பின்னால் இருக்கும் ஜம்பரை (ஊசிகளை இணைக்கும் சிறு பிளாஸ்டிக் மூடி) மாஸ்டர் நிலையில் வைத்து, புதிய கணினியில் இணைத்து, எல்லாவற்றையும் நகல் எடுங்கள். ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுற்றாமல் டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

நகல் எடுக்கும்போது விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையை விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகுதான் டாம், டாப் என்ற பொது முறைகளையே தமிழக அரசு அறிவித்தது. உங்கள் அப்பாவின் கோப்புகள் அதற்கும் முந்தியவையாக இருக்கலாம். எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கலைந்து தெரியும். கோப்பு கெட்டுப்போயிற்று என்று நினைத்து அழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் யுனிகோடுக்கு மாற்ற வழி உண்டு.

இனிக் கணினிக்கு வருவோம். முன்பக்கப் பொத்தானை அழுத்தினால் அப்படியே பதிந்து நிற்கிறதா? அப்படியானால் அது ஏ.டி. என்ற பழைய வகைப் பெட்டி. 1995இல் ஏ.டி.எக்ஸ். என்ற புதிய வகை வந்தது, அதன் பிறகும் சில ஆண்டுகள் நம் ஊர்களில் ஏ.டி. பெட்டிகள்தாம் விற்றன. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது: முன்பக்க சுவிட்சுக்கே 230 வோல்ட் நேராக வருகிறது. அதன் நான்கு கம்பிகளைக் கழற்றவே கழற்றாதீர்கள். மாற்றிச் செருகினால் நேரடி ஷார்ட். மதர்போர்டுக்கு (எல்லாப் பாகங்களும் இணையும் பெரிய பலகை) போகும் இரண்டு ஆறு கம்பிச் செருகிகளைக் கழற்றினால், திரும்பப் பொருத்தும்போது கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று தொட்டபடி இருக்க வேண்டும். இடம் மாறினால் மதர்போர்டு போய்விடும். கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கை எடுத்த பிறகும் சிறிது நேரம் இருக்கும். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதென்றால் பிளக் பாயின்டில் எர்த் இல்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது.

விசிறி ஒரு நொடி அசைந்து நின்றது பெரும்பாலும் நல்ல அடையாளம். எஸ்.எம்.பி.எஸ். உயிரோடுதான் இருக்கிறது, எங்கோ ஷார்ட் இருப்பதை உணர்ந்து தானே நிறுத்திக்கொள்கிறது. நாங்கள் இதற்கு 100 வாட் சீரீஸ் பல்பு, அதாவது கணினிக்குப் போகும் மின்சாரம் தன் வழியாகவே போகும்படி இணைத்த பல்பு, வைத்துப் பார்ப்போம். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் கவலையில்லை. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள்ளேயே ஷார்ட். அடுத்து சி.டி. டிரைவ், ஃபிளாப்பி, கார்டுகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிளக்கை எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் சுமையில்லாமல் சில பழைய எஸ்.எம்.பி.எஸ். எழவே எழாது, வேண்டாத பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டிவையுங்கள். அப்பாவுடையதை அல்ல. மதர்போர்டை மாட்டினால் மட்டும் நின்றுபோகிறதென்றால், அதன் மேல் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ புளியங்கொட்டை அளவுக்கும் சிறிதாக இருக்கும் டான்டலம் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். பழைய போர்டுகளில் அவை ஷார்ட் ஆவது வழக்கம்.

பிறகு மதர்போர்டில் இருக்கும் பேட்டரி. சில்லறைக் காசு போலத் தட்டையாக இருந்தால் அது 3 வோல்ட் சி.ஆர். 2032, புதிது போட்டுவிடலாம். நீல நிறத்தில் உருளையாக இருந்தால் அது நிக்கல் காட்மியம், கட்டாயம் கசிந்திருக்கும். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அண்ணாச்சி ஒருவர் தம் 486 என்ற பழைய வகைக் கணினியைத் தூக்கி வந்து, ‘ஓடினால் ஓடட்டும், இல்லையென்றால் எடைக்குப் போட்டுவிடுகிறேன்’ என்றார். பேட்டரி இருந்த மூலை முழுக்கப் பச்சைப் பூப்பு. அந்தக் கசிவு காரத்தன்மை உள்ளது. ஆகவே பேட்டரியை வெட்டி எடுத்து, பஞ்சில் வினிகர் தொட்டு நனைத்தேன். நுரை அடங்கியதும் சுத்தமான நீர், அதற்குப் பின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கீழே அரித்துப்போன மூன்று செம்புத் தடங்களை மெல்லிய கம்பியால் இணைத்தேன். இரண்டு மாலை வேலை. மூன்றாம் நாள் ஒற்றை பீப் கேட்டபோது அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

ராம் (நினைவகம்) துண்டுகளின் முனைகளை வெள்ளை ரப்பரால் தேய்த்து, தூளை ஊதிவிட்டுச் செருகுங்கள். 72 பின் துண்டுகளாக இருந்தால், பென்டியம் கணினியில் அவை ஜோடியாகத்தான் வேலை செய்யும். ஒன்று சரியாக அமராவிட்டாலும் திரை இருண்டே இருக்கும். ஸ்பீக்கர் கம்பி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். திரை வராதபோது நமக்குப் பேசுவது அது ஒன்றுதான். ஒரு சிறிய பீப் என்றால் பெரும்பாலும் எல்லாம் நலம். திரும்பத் திரும்ப நீண்ட பீப் வந்தால் ராம். ஒன்று நீளமும் இரண்டு குட்டையும் என்றால், அவார்டு நிறுவனத்தின் பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) உள்ள போர்டுகளில், டிஸ்ப்ளே கார்டு.

திரை வந்ததும் செக்சம் பிழை என்று காட்டும். பயப்படாதீர்கள், பேட்டரி தீர்ந்து மதர்போர்டு வைத்திருந்த அமைப்பு விவரங்கள் அழிந்ததன் விளைவு அது. செட்டப் என்ற அமைப்புத் திரைக்குள் போய்த் தேதியைத் திருத்தி, ஹார்ட் டிஸ்க்கைத் தானாகக் கண்டறியும் பகுதியை ஓட்டிச் சேமியுங்கள். நகல் கையில் இருக்கிறது என்று உறுதியான பிறகே அப்பாவின் டிஸ்க்கை மறுபடி மாட்டுங்கள்.

மூடியைத் திறந்ததும் பேட்டரி இருக்கும் மூலையைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இந்தப் பதிலின் கீழே பதிவிடுங்கள். வீட்டில் வைத்தே கழுவலாமா, செங்கோட்டைக்குக் கொண்டுவர வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.