நேபாளத்துக்குப் போகுமுன்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். தாம்பரத்தில் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரி ஜெபக்குழுவிலிருந்து எட்டுப் பேர் மே மாதம் இரண்டு வாரம் நேபாளத்துக்கு ஊழியத்துக்குப் போகிறோம். பொக்காராவில் ஒரு சபை அழைத்திருக்கிறது. ஸ்கிட், பாட்டு எல்லாம் தயார். நேபாளியில் சுவிசேஷக் கைப்பிரதி அச்சடிக்கக் காணிக்கையும் சேர்ந்துவிட்டது. வேறு என்ன தயாரிப்பு வேண்டும்? அம்மா ரொம்பப் பயப்படுகிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது?

ர., சென்னை

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தக் கைப்பிரதியை நிறுத்திவையுங்கள். நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு அவரவர் மதத்தைப் பின்பற்ற உரிமை தருகிறது. ஆனால் அதே 26-வது பிரிவு இன்னொருவரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டத்தின்படி, மதம் மாற்றினாலோ மாறத் தூண்டினாலோ 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

நீங்கள் எட்டுப் பேரும் இரண்டு வாரத்தில் ஊர் திரும்பிவிடுவீர்கள். அதற்குப் பிறகு புகார் வந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலையப்போவது உங்களை அழைத்த போதகர்தான். அதனால் எதைச் செய்யலாம், எங்கே செய்யலாம், ஸ்கிட் தேவையா என்பதையெல்லாம் அவரே முடிவு செய்யட்டும். சபைக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னால் அடியுங்கள். 'அப்போஸ்தலர்கள் பயந்தார்களா?' என்று உங்கள் குழுவில் யாராவது கேட்கக்கூடும். அவர்கள் தங்கள் உயிரைத்தான் கொடுத்தார்கள். நாம் ஆபத்தில் விடுவது அந்தத் தெருவிலேயே பிள்ளை வளர்க்கும் குடும்பங்களை.

1951 வரை, ராணா குடும்பத்தார் நாட்டை ஆண்ட காலத்தில், மிஷனரிகளுக்கு நேபாளத்தில் இடமே கிடையாது. 1954-ல் தொடங்கிய யுனைடெட் மிஷன் டு நேபாள் என்ற மிஷனரி அமைப்புகூட, மதம் மாற்றமாட்டோம் என்ற நிபந்தனையை ஏற்றுத்தான் மருத்துவமனை நடத்தியது. அங்கே சபையை வளர்த்தவர்கள் நேபாளிகள். அதற்காகச் சிறைக்கும் போனார்கள். அந்தச் சாட்சிகளை உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவதே பெரிய ஊழியம் என்று நினைக்கிறேன்.

கேட்க வேண்டுமானால் கொஞ்சமாவது மொழி வேண்டும். ஸ்கிட் ஒத்திகையில் பாதி நேரத்தை நேபாளிக்குக் கொடுங்கள். சென்னையில் மோமோ கடைகளிலும் ஓட்டல்களிலும் வேலை செய்யும் நேபாளிகள் எத்தனை பேர்! அவர்களோடு பழகுங்கள். நாலு வார்த்தை கற்றுத்தரும் அண்ணனின் ஊர், வீடு, பிள்ளைகளைப் பற்றியும் விசாரியுங்கள். அங்கே சனிக்கிழமைதான் விடுமுறை, ஆராதனையும் அன்றைக்குத்தான். விசுவாசிகள் 'ஜய மசீ' என்று வாழ்த்திக்கொள்வார்கள்.

விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும், ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். காய்ச்சிய தண்ணீர் குடியுங்கள், டைபாய்டு தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், சபையில் எடுத்த படம், குழந்தைகளின் முகம், ஊர்ப் பெயர் எதையும் இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். திரும்பி வந்த பிறகும்தான்.

அம்மாவிடம் இந்தச் சட்டத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தெரியாமல் இருப்பதால்தான் பாதிப் பயம். பொக்காரா போதகரின் மனைவியோடு ஒருமுறை வீடியோ காலில் பேசவையுங்கள். இந்தி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் சமாளித்துவிடலாம். அதற்குப் பிறகும் அம்மா வேண்டாம் என்றால், சரி, இந்த வருடம் மற்ற ஏழு பேரும் போய் வரட்டும்.